இடப்பக்கத்து வளையம்

தலையை அசைக்கக் கூடாது என்று சொன்ன மறு நொடியே மூக்கு நுனி அரிக்கத் தொடங்கியது. அரித்தால் அரித்துக்கொள்ளட்டும் என்று செண்பகவடிவு கண்ணை மூடிக்கொண்டாள். முகத்துக்கு மேலே வெள்ளைக் கூண்டு ஒன்றைக் கவிழ்த்து மாட்டியிருந்தார்கள். காதுகளில் பஞ்சு, பஞ்சின் மேல் இன்னொரு மூடி. இடது கையில் ஊசி குத்தி ஒட்டிவைத்திருந்ததால் வலது கையில் ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து, "ரொம்பப் பயமா இருந்தா இத அமுக்குங்கம்மா, உடனே வந்துருவேன்" என்றாள் ஸ்கேன் எடுக்கிற பெண். ஷைலா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. எந்தக் கை சொன்ன பேச்சைக் கேட்காமல் போனதோ அதே கையில்தான் பந்தைக் கொடுத்திருக்கிறாள். இது அமுக்க வேண்டிய நேரத்தில் அமுக்காது, வேண்டாத நேரத்தில் அமுக்கிவைக்கும். சொல்லியிருக்கலாம். சொல்வதற்குள் பலகை உள்ளே நகர்ந்துவிட்டது. தோள் இரண்டும் சுவரில் உரச, நெற்றிக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் கூரை. கண்ணைத் திறக்கக் கூடாது. திறந்தால் கூரை தெரியும். பையை நினைத்துக்கொண்டாள். "கம்மல், செயினெல்லாம் கூட வந்தவங்ககிட்ட குடுத்துட்டு வாங்க, யாரு வந்திருக்கா?" என்று ஷைலா கேட்டதும், "வெளியே இருக்காங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்த பச்சைச் சேலைக்காரியிடம் போய், கைக்குட்டையில் முடிந்த கம்மலும் கைப்பேசியும் வீட்டுச் சாவியும் கிடந்த பையை நீட்டி, "கொஞ்சம் பாத்துக்கிடுதேளா?" என்று கேட்டாள். அவள் பெயர்கூடத் தெரியாது. முகம் தெரியுமா என்றால் அதுவும் இல்லை, சேலை மட்டும்தான் நினைவிருக்கிறது. கிளிப்பச்சையா, இலைப்பச்சையா? யாராவது கேட்டால் என்ன சொல்வாள்? சாட்சிக்கு அடையாளம் காட்டத் தெரியவில்லை என்று தட்டச்சு செய்துகொள்ள வேண்டியதுதான்.

டக் டக் டக் டக் என்று தொடங்கியது. யாரோ வெளியிலிருந்து கட்டையால் தகரத்தை அடிப்பது மாதிரி. பிறகு அடி மாறி, ஒரு நீண்ட ரீங்காரம், மறுபடி அடி. பத்தொன்பது வயதில் டவுனில் போய்ப் படித்த தட்டச்சுப் பள்ளியில் இப்படித்தான் இருக்கும். முப்பது மெஷின், முப்பது பெண்கள், ஒரே நேரத்தில் ய ள ன க, ய ள ன க. அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்தால் ஒருத்தி பேசுவது ஒருத்திக்குக் கேட்காது. அவளுக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் அம்மாவின் முனகல் எப்போதும் கேட்கும், அங்கே கேட்காது. விரல்கள் படித்த படிப்பு அது, மனசுக்கு அதில் வேலை இல்லை. இருபத்தேழு வருஷமாக நீதிமன்றத்தில் சாட்சிகள் சொல்வதை, நீதிபதி சொல்லச் சொல்ல, விரல்களே எழுதிவந்திருக்கின்றன. போன மாதம் பத்தாம் தேதியும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தன. ஒரு வேலித் தகராறு. வடக்கு எல்லையில் நட்ட கல்லைப் பிடுங்கிப் போட்டது யார் என்ற வழக்கு. சாட்சிக்கூண்டில் ஒரு வாத்தியார். "அன்றைக்குத் தகராறு நடந்தபோது நான்..." என்று நீதிபதியம்மா சொன்னார். வலது ஆள்காட்டி விரல் த-வில் போய் விழுந்தது. விழுந்தது எழுந்திருக்கவில்லை. தததததததத. இழுத்தாள். விரல் துடித்தது, பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை. அறுந்து விழுந்த பல்லி வால் மாதிரி அவள் கண் முன்னாலேயே அவள் கை துடித்துக்கொண்டிருந்தது. நீதிபதியம்மாவின் மேஜைத் திரையிலும் அது வரிசை வரிசையாக ஓடியிருக்க வேண்டும். "வடிவு, என்னம்மா செய்யுது?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஒன்றும் என்ற சொல் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. இருட்டு அறையில் சுவிட்சைத் தேடுவது மாதிரி நாக்கு தேடியது. வாத்தியார் கூண்டிலிருந்து இறங்கிவந்து தண்ணீர் கொடுத்தார். நாலு நிமிஷமாம். ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள். அவளுக்கு அது ஒரு முழுப்பகல்.

இடுக்கி. கண்ணை மூடியபடியே சொல்லிப் பார்த்தாள். இடுக்கி, வாணலி, அரிவாள்மணை, சல்லடை. இருக்கின்றன, எல்லாம் இருக்கின்றன. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை பால் பொங்கி வழியும்போது சட்டியை இறக்க அது வேண்டும், கை நீட்டினால் எடுக்கலாம், ஆனால் அதற்குப் பெயர் என்ன என்று நின்றுவிட்டாள். பெயர் தெரியாமல் எடுக்கக் கூடாதா என்ன? எடுத்திருக்கலாம். நின்றாள். பால் முழுக்க அடுப்பில் போயிற்று. அன்றைக்குத்தான் டாக்டர் கிறிஸ்துதாஸ் முதல் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியிருந்தார். மூளையின் இடது பக்கத்தில் மூக்குத்தி அளவு ஒரு வெள்ளை வளையம், அதைச் சுற்றிச் சாம்பல் வீக்கம். "இது மூணுல ஒண்ணா இருக்கலாம்மா. புற்றுக்கட்டியா இருக்கலாம். காசநோய்க் கிருமி போய் உக்காந்த கட்டியா இருக்கலாம். சில சமயம் நாடாப்புழு முட்டை போய் அடைஞ்சாலும் இப்படித்தான் தெரியும். இந்தப் படத்துல மூணும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். எம்.ஆர்.ஐ. எடுத்தாத்தான் பிரிச்சுச் சொல்ல முடியும்." கட்டி என்ற சொல்லுக்கு அப்புறம் அவர் சொன்னவை அப்போது காதில் ஏறவில்லை, பஸ்ஸில் வரும்போது ஒவ்வொன்றாக ஏறின. சிறையில் அடையாள அணிவகுப்பு நடத்துவார்கள். ஒரே மாதிரி ஆட்களை வரிசையாக நிறுத்தி, எவன் என்று காட்டு என்பார்கள். பயந்த சாட்சி எப்போதும் தப்பான ஆள் தோளில்தான் கை வைக்கும். அவள் முதல் நாளே முதல் ஆளின் தோளில் கை வைத்துவிட்டாள். அப்புறம் மற்ற இரண்டு பேரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. வீட்டில் போய் பீரோவை ஒழித்தாள். அம்மாவின் பட்டுகளை மடித்து, யாருக்கு எது என்று சீட்டு எழுதிச் செருகினாள். பற்பசை தீர்ந்தபோது கடையில் சின்னதாகப் போதும் என்று கேட்டாள். சோப்புத்தூள் கால் கிலோ. அரிசிகூட அளந்துதான். இதில் ஒரு சுறுசுறுப்பு இருந்தது, அதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. அம்மா போன பிறகு நாலு வருஷமாக வீட்டில் அவளுக்கு என்று ஒரு வேலை இல்லாமல் இருந்தது, இப்போது வந்துவிட்டது.

அடி நின்றது. அந்த அமைதி அடியைவிடப் பயமாக இருந்தது. காதுக்குள் ஷைலாவின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி: "மருந்து ஏத்துதோம்மா, கை குளுந்த மாதிரி இருக்கும், அசையாதீங்க." குளிர்ச்சி முழங்கையில் ஏறித் தோளுக்கு வந்தது. நாக்கில் காசை வைத்த மாதிரி ஒரு ருசி. இது இப்போது தலைக்குப் போகும். போய் அந்த வளையத்தைத் தொடும். தொட்டு என்ன செய்யும், அதற்கு வலிக்குமா? பேச்சு இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் என்று சொல்லியிருந்தார் டாக்டர். புற்றுக்கட்டியாக இருந்தால் மண்டையைத் திறக்க வேண்டும், திறந்தால் பேச்சு கொஞ்சம் போகலாம். போனால் யாருக்கு நஷ்டம்? நேற்று வீட்டில் வாய்விட்டு என்ன பேசினோம் என்று எண்ணிப் பார்த்தாள். பால்காரரிடம் நாளைக்கு அரை லிட்டர் போதும் என்றது. கீரைக்காரியிடம் வேண்டாம் என்றது. மாடிவீட்டுக்காரி குளிச்சாச்சா என்றதற்கு, ஆச்சு என்றது. பல்லி சொன்னதும் சொல்லு சொல்லு என்றது. ஐம்பது சொல் தேறுமா? பகலெல்லாம் விரல் வழியாக ஓடுகிற ஆயிரக்கணக்கான சொற்களில் ஒன்றாவது அவளுடையதா? கொலை செய்தவன் சொல், செய்யாதவன் சொல், பார்த்தவன், பார்க்காதவன், எல்லோரும் அவள் விரல் வழியாகப் போய்விட்டார்கள். நெல்லையப்பன் ஓசூரிலிருந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். தம்பி. அக்கா, சாப்பிட்டியா? சாப்பிட்டேன், நீ? சாப்பிட்டேன். மழை உண்டா? இல்லை. நாலு நிமிஷம். போன ஞாயிறும் கூப்பிட்டான். சொல்லிவிடலாம் என்று மூச்சை இழுத்தாள். அவன் வீட்டில் குக்கர் விசில் கேட்டது, பிள்ளைகள் சண்டை கேட்டது. அவன், "சொல்லு அக்கா, சொல்லு" என்று அவசரப்படுத்தினான். மழை இல்லை என்றுதான் சொன்னாள். சொல்லியிருந்தால் கிளம்பி வந்திருப்பான், கெட்டவன் இல்லை. வந்து வெளியே நாற்காலியில் உட்கார்ந்து மணியைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதைப் பார்க்க முடியாமல்தான் சொல்லவில்லையோ?

முடிந்தது, பலகை வெளியே நகரப் போகிறது என்று உடம்பு தயாராகிவிட்டது. நகரவில்லை. "அம்மா, இன்னும் ஒரு பதினஞ்சு நிமிஷம். டாக்டர் இன்னொண்ணு எடுக்கச் சொல்லுதாங்க. அசையாம இருங்க, நல்லா ஒத்துழைக்கீங்க." ஏன் இன்னொன்று? எல்லோருக்கும் எடுப்பதா, அவளுக்கு மட்டுமா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா ஒருத்தர் திரையில் எதையோ பார்த்து, முகம் மாறி, இதையும் எடுத்துருவோம் என்று சொல்லியிருக்கிறார். முகம் மாறியிருக்கும். இல்லை, மாறாது, அவர்கள் ஒரு நாளைக்கு இருபது தலை பார்க்கிறார்கள். ஒத்துழைக்கிறீர்கள் என்று ஏன் சொன்னாள்? நல்ல செய்தி உள்ளவர்களை யாரும் பாராட்டுவதில்லை. ரப்பர் பந்து வலது கையில் வியர்த்து வழுக்கியது. அமுக்கினால் வருவாள். வந்து, என்னம்மா என்பாள். என்னவென்று சொல்வது? என்னைக் கொஞ்சம் தொட்டுக்கொண்டு நில் என்றா? அதற்கெல்லாம் பந்து கொடுக்கவில்லை. இப்போது ஓடுகிற சத்தம் வேறு மாதிரி, அடி இல்லை, சீராக ஒரு முணுமுணுப்பு, மூடிய கதவுக்குப் பின்னால் பெரியவர்கள் பேசுவது மாதிரி. அவளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். மூக்கு மறுபடி அரித்தது. கண்ணோரம் ஈரம் வழிந்து காதுப் பஞ்சில் இறங்கியது. அழுகை இல்லை இது, கண்ணை இறுக்கி மூடினால் வருவது. அசையவில்லை. அசைந்தால் படம் கலங்கும், கலங்கினால் முதலிலிருந்து எடுக்க வேண்டும். ஐம்பத்தொரு வருஷத்தில் இவ்வளவு கவனமாக அவள் எதையும் செய்ததில்லை.

வெளியே வந்தபோது வெளிச்சம் கூசியது. பச்சைச் சேலை நாற்காலியில் அப்படியே இருந்தது, கிளிப்பச்சைதான். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி அந்த அம்மா உட்கார்ந்திருந்தாள். "ஒங்க போனு ஒரு தடவ அடிச்சிச்சு, நான் எடுக்கல. ரொம்ப நேரமாயிட்டே, பயந்துட்டேன்" என்றாள். பயந்துவிட்டாளாம், அவளுக்காக ஒருத்தி. நன்றி என்று சொல்லக்கூட நேரமில்லை, அந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். கைப்பேசியைப் பார்த்தாள், கடன் வேண்டுமா என்று கேட்கும் ஏதோ கம்பெனி எண். மாடியில் டாக்டர் கிறிஸ்துதாஸின் அறை வாசலில் ஒரு மணி நேரம். காலையிலிருந்து வெறும் வயிறு. பக்கத்தில் ஒரு புருஷன் தன் மனைவிக்குக் காகிதத் தம்ளரில் பழச்சாறு ஊட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு வேண்டாமாம், அவர் விடவில்லை. செண்பகவடிவு சுவரில் தொங்கிய காலண்டரின் எழுத்துகளை எண்ணினாள். ஒவ்வொரு எழுத்துக்கும் எந்த விரல் என்று பார்த்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது வேறு யாரையோ என்று நினைத்தாள்.

டாக்டர் திரையைத் திருப்பிவைத்தார். அவள் மூளை கருப்பு வெள்ளையில், பிளந்த வாதுமைப் பருப்பு மாதிரி. அதில் அந்த வளையம், மருந்து பட்டுப் பளிச்சென்று. அதன் கீழே மலைத்தொடர் வரைந்த மாதிரி ஒரு கோடு. "இதுக்குத்தான் அந்தக் கடைசிப் பதினஞ்சு நிமிஷம். அந்தக் கட்டிக்குள்ள என்னென்ன இருக்குன்னு மெஷின் அளந்து குடுக்கும். புற்றுக்கட்டின்னா இந்த எடத்துல உசந்து நிக்கும். பாருங்க, இங்க ஒண்ணும் இல்ல. ஆனா இங்க பாருங்க, எவ்வளவு உசரம்! இது கொழுப்பு. காசநோய்க் கட்டிதான் இப்படிக் காட்டும். வளையத்தோட சுவரும் அப்படித்தான் இருக்கு. நெஞ்சுப் படம், ரத்தம் எல்லாம் பாத்துருவோம். மருந்து ஆரம்பிச்சு மூணு மாசத்துல மறுபடி ஒரு படம் எடுப்போம், சுருங்கியிருந்தா சந்தேகமே வேண்டாம். கைத்துடிப்புக்கும் மாத்திரை தாரேன். நல்ல செய்திம்மா." நல்ல செய்தி என்று சொல்லிவிட்டு அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் ஏதாவது வரும் என்று காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள். வரவில்லை. "அப்ப எத்தன வருஷம் டாக்டர்?" என்று கேட்டாள். "மருந்தா? ஒரு வருஷம், கூடப்போனா ஒன்றரை." மருந்தைக் கேட்கவில்லை அவள். அதன் பிறகு இருக்கிற வருஷங்களைக் கேட்டாள். ஓய்வு பெற்று, அந்த வீட்டில், ஐம்பது சொல்லோடு, முப்பது வருஷம் இருக்குமா? மூன்று வாரமாகக் கூடவே இருந்த சாவு சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விட்டது. இப்போது அறையில் அவள் மட்டும் இருந்தாள். சீ, என்ன நினைப்பு இது, அந்தப் பழச்சாறு குடிக்காத பெண்ணுக்கு இந்த வார்த்தையைச் சொன்னால் எப்படிக் கும்பிடுவாள்! சிரித்து வைத்தாள். டாக்டருக்குத் திருப்தியாகிவிட்டது. பேனாவைத் திறந்துகொண்டே, "கூட இருந்தவங்க யாருக்காவது எப்பவாவது காசநோய் இருந்துச்சா? வீட்ல, ஆபீஸ்ல? பழசாக்கூட இருக்கலாம். உள்ள போயி பத்து வருஷம்கூடத் தூங்கும் அது" என்றார்.

அம்பலவாணன் சார். கேட்ட கணத்திலேயே அவர் வந்து நின்றுவிட்டார், அதே முழுக்கைச் சட்டை, மடித்த கைக்குட்டை. நீதிபதிக்குக் கீழே வழக்குக் கட்டுகளை எடுத்துக் கொடுக்கிற பெஞ்ச் கிளார்க்காகப் பதினொரு வருஷம் அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மாதம் விடாமல் இருமினார். சளியைப் பரிசோதித்துச் சொன்ன அன்றைக்கே சுற்றி இருந்த நாற்காலிகள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் போயின. அவருக்கென்று ஒரு தம்ளரைத் தனியாக ஜன்னலில் வைத்தார்கள். அவள் மட்டும் நாற்காலியை நகர்த்தவில்லை. தைரியம் என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது, நகர்த்தத் தோன்றவில்லை. மத்தியானம் அவர் மனைவி கொடுத்துவிட்ட நார்த்தங்காயும் அவளுடைய தயிர்ச்சோறும் எப்போதும் போல மாறிக்கொண்டன. ஒருநாள் பழைய கட்டு ஒன்றைத் தேடிப் பதிவறைக்குள் இரண்டு பேரும் போனார்கள். தூசி. அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது, நிற்கவே இல்லை, மூச்சுக்குத் தவித்தார். அவள் முதுகைத் தாங்கிக்கொண்டாள். "தள்ளி நில்லு வடிவு, ஒட்டிக்கிடும்" என்றார். "ஒட்டுனா ஒட்டட்டும் சார்" என்றாள். அவர் நெற்றி அவள் தோளில் சாய்ந்தது. இருமல் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் சாய்ந்திருந்தது. வெளியே கோர்ட்டுச் சேவகரான டவாலி யாரோ ஒருவன் பெயரை மூன்று தரம் கூவுகிற வரைக்கும். அவ்வளவுதான். அதன் பிறகு இரண்டு பேரும் அதைப் பேசியதில்லை. அவர் குணமாகி, ஓய்வு பெற்று, மகளோடு கோயம்புத்தூர் போய்விட்டார். அவ்வளவுதான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்குள்ளேயே தங்கி, வருஷக்கணக்காகத் தூங்கி, நெஞ்சிலிருந்து மெல்ல ஏறி, பேச்சுக்குப் பக்கத்தில் ஒரு இடம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. அவரிடமிருந்துதான் என்று யார் சொல்ல முடியும்? பஸ்ஸில் பக்கத்தில் நின்ற எவனிடமிருந்தோ வந்திருக்கலாம். எந்தப் படமும் அதைப் பிரித்துச் சொல்லாது. ஆனால் அவள் சொல்லிக்கொண்டாள். மனிதரிடமிருந்து அவளுக்கு வந்த ஒன்று. மாத்திரை போட்டுப் போட்டு அதைக் கரைக்கப் போகிறார்கள். டாக்டர் பேனாவோடு காத்திருந்தார். பொய்ச்சாட்சி சொல்கிறவர்கள் சொல்வதற்கு முன்னால் ஒருமுறை மேலே மின்விசிறியைப் பார்ப்பார்கள், இருபத்தேழு வருஷமாகப் பார்த்திருக்கிறாள். அவள் மின்விசிறியைப் பார்க்கவில்லை. டாக்டரின் கண்ணைப் பார்த்தே, "இல்ல டாக்டர், எனக்குத் தெரிஞ்சு யாருக்கும் இல்ல" என்றாள். அவர் எழுதிக்கொண்டார்.

மணி இரண்டு. பாளையங்கோட்டை வெயில் ரோட்டிலிருந்து முகத்துக்கு அடித்தது. பசித்தது, எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தாள். மேஜையில் மூன்று பேர் முன்பே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், நாலாவது இடத்தில் உட்கார்ந்தாள். இலை போட்டார்கள். தண்ணீர் தெளிக்காமல் கைப்பேசியை எடுத்தாள். நெல்லையப்பனுக்குப் பேச வேண்டும், பேசலாம், சாயங்காலம் பேசலாம், அவனிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். விரல் கீழே கீழே தள்ளிக்கொண்டு போய் ஒரு பெயரில் நின்றது. என்ன சொல்லப் போகிறோம் என்று தெரியாமலே அழுத்திவிட்டாள். நாலு தடவை மணி அடித்து, "யாரு?" என்றது. குரல் கொஞ்சம் தேய்ந்திருந்தது. "சார், வடிவு பேசுதேன்." "வடிவா! கோர்ட்டு வடிவா? ஏயப்பா, எத்தன வருஷமாச்சு! நம்பர் மாறிப்போச்சோன்னு நெனச்சேன். எப்படி இருக்க? அங்க எப்படி, வெயில் கொல்லுதா?" அவர் முழங்கால் வலியைச் சொன்னார், பேத்தி தமிழ் வாசிக்கமாட்டேன் என்கிறாளாம் அதைச் சொன்னார், மனைவிக்குக் கண் ஆபரேஷன் ஆனதைச் சொன்னார். அவள் கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூச்சைக் கேட்டாள். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே நெஞ்சு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். "என்ன திடீர்னு? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார் அவர். சொற்கள் எல்லாம் இருந்தன, ஒன்றுகூடத் தவறாமல் வரிசையாக வந்து நின்றன. அவருக்குச் சொன்னால் என்ன ஆகும் என்று பார்த்தாள். எழுபதை நெருங்கும் மனிதர், ராத்திரி தூங்கமாட்டார். "ஒண்ணும் இல்ல சார். நல்லா இருக்கேன். ஒங்கள நெனச்சேன், அதான். இப்பதான் சாப்பிட உக்காந்தேன்." "சரி சரி, சாப்பிடு வடிவு. நேரத்துக்குச் சாப்பிடு" என்று வைத்தார். அவ்வளவு நேரமும் அவர் ஒருமுறைகூட இருமவில்லை. பரிமாறுகிறவர் இலையில் சோற்றைத் தள்ளிவிட்டு, "போதுமாக்கா?" என்று கேட்டு நின்றார். "இன்னும் போடுங்க" என்றாள்.